கடல் பூஞ்சைகளைத் தேடிக் கண்டறிவது எப்படி? முழுமையான வழிகாட்டி

கடல்நீரில் ஒரு சொட்டை அகார் என்ற சத்துக்கூழ் நிரப்பிய தட்டில் விட்டு நான்கு நாள் கழித்துப் பாருங்கள். பச்சையாகப் பெனிசிலியமும் கருமையாகக் கிளாடோஸ்போரியமும் படர்ந்திருக்கும். உடனே "கடல் பூஞ்சை கிடைத்தது" என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவதுதான் இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு. இவை மண்ணிலும் காற்றிலும் எங்கும் இருப்பவை. ஆற்றோடும் தூசியோடும் வந்து விழுந்து, ஸ்போர் என்கிற வித்தாகவே நீரில் உறங்கிக்கொண்டிருந்து, உங்கள் தட்டில் சர்க்கரையைக் கண்டதும் விழித்தெழுந்தவையாக இருக்கலாம். கடலில் இருப்பது வேறு, கடலில் பிழைப்பது வேறு. கீழே வரும் வேலைகளெல்லாம் இந்த இரண்டையும் பிரித்தறிவதற்குத்தான்.

முதலில்: யாரைத் தேடுகிறோம்?

1970களில் பூஞ்சையியலாளர்களான கோல்மையர் தம்பதி ஒரு வரையறை தந்தார்கள். கடலிலோ கழிமுகத்திலோ மட்டுமே வளர்ந்து வித்திடுபவை கட்டாயக் கடல் பூஞ்சைகள். நிலத்திலிருந்தோ நன்னீரிலிருந்தோ வந்து கடலிலும் வளரக்கூடியவை இரண்டாம் வகை. இந்த இரண்டாம் வகையில்தான் தலைவலி. 2016இல் வந்த பரந்த வரையறை, கடலிலிருந்து திரும்பத் திரும்பக் கிடைப்பதையும், அங்கே உயிர்ச்செயல்பாட்டோடு இருப்பதையும், பிற கடலுயிர்களோடு கூட்டுவாழ்வு நடத்துவதையும் சேர்த்துக்கொண்டது. 2015இல் வெளியான தொகுப்பு 472 பேரினங்களில் 1,112 இனங்களைப் பட்டியலிட்டது. அதன்பின் எண்ணிக்கை ஏறியபடியே இருக்கிறது. பெரும்பாலானவை பைக்குள் வித்து வைக்கும் ஆஸ்கோமைசீட்டுகள். காளான் குடும்பமான பசிடியோமைசீட்டுகள் சொற்பம்.

பூஞ்சை போலத் தோன்றி ஏமாற்றுகிறவர்களையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 1930களில் அட்லாண்டிக் கரைகளில் சோஸ்டரா கடற்புல் வெளிகளை அழித்த நோயோடு தொடர்புபடுத்தப்படும் லாபிரிந்துலா பூஞ்சையே இல்லை. டி.எச்.ஏ. கொழுப்பு எடுக்கப் பயன்படும் ஸ்கைசோகைட்ரியமும் அப்படித்தான். அலையாத்தி இலை நீரில் விழுந்த சில மணி நேரத்தில் முதலில் ஏறிக்கொள்ளும் ஹாலோஃபைட்டோஃப்தோரா, பூஞ்சையில் சேராத ஊமைசீட்டு என்ற வேறு குழு. பழைய நூல்கள் இவற்றையெல்லாம் "கீழ்நிலைப் பூஞ்சைகள்" என்று ஒரே கூடையில் போட்டிருக்கும்.

எங்கே தேடுவது: பொருளைப் பார்த்தால் வேலை தெரியும்

கடல் பூஞ்சையைத் திறந்த நீரில் தேடத் தொடங்காதீர்கள். ஏதாவது ஒரு பொருளின் மேல் தேடுங்கள்.

தொடக்கத்துக்கு மரம்தான் சிறந்தது. கரையொதுங்கிய கட்டை, படகுத்துறைத் தூண், அலையாத்தி மரங்களின் நீரில் ஊறிய கிளை, முட்டு வேர் எல்லாம் ஆகும். பட்டை உரிந்து, மேல்பரப்பு கறுத்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் கட்டையாகப் பாருங்கள். அந்த மென்மை மென்னழுகல் என்ற சிதைவால் வந்தது. ஆஸ்கோமைசீட்டு இழைகள் மரச் செல்சுவரின் நடு அடுக்குக்குள் புகுந்து செல்லுலோசைத் தின்று, வைர வடிவக் குழிகளை வரிசையாக விட்டுச்செல்கின்றன. மரத்துளைப்பிகளான லிம்னோரியாவும் கப்பல் புழுவும் கட்டையைச் சல்லடையாக்குவது கண்ணுக்குத் தெரிகிறது. பூஞ்சை மேல்பரப்பை மென்மையாக்கிக் கொடுப்பதைக் காண நுண்ணோக்கி வேண்டும்.

கடற்கரை மணலில் வேறு கூட்டம். கொரோலோஸ்போரா இனங்கள் மணல் துகளிலும் சிப்பித் துணுக்கிலும் கறுத்த, கரி போல நொறுங்கும் உருண்டைக் கனிகளை, அதாவது வித்து உண்டாகும் உறுப்புகளை, ஒட்டவைக்கின்றன. துகள்களுக்கிடையே சிக்கிய பாசித் துண்டும் மரத்தூளும் இவற்றுக்கு உணவு. இவற்றின் வித்துகள் அலைநுரையில் போய்ச் சேர்வதால், நுரையை அள்ளினால் மணலின் பூஞ்சைகள் பலவும் கைக்கு வந்துவிடும்.

பாசிகளில் பூஞ்சை எப்போதும் அழிக்க வந்ததாக இருக்காது. வட அட்லாண்டிக் பாறைக்கரையில் வளரும் அஸ்கோஃபில்லம் நோடோசம் என்ற பழுப்புப் பாசியின் உடல் முழுக்க மைக்கோஃபைசியாஸ் அஸ்கோஃபில்லி என்ற பூஞ்சையின் இழைகள் பாசிச் செல்களைச் சுற்றி வலை பின்னியிருக்கும். பாசியின் இனப்பெருக்க உறுப்புகளில்தான் பூஞ்சையும் கனி வைக்கிறது, அதுவும் பாசி முதிர்கிற பருவத்தைப் பார்த்து. அந்த உறுப்பைக் குறுக்காக மெல்லியதாகச் சீவினால் மேல்தோலுக்கு அடியில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். பூஞ்சையோடு சேர்ந்த இளம் பாசிகள் காய்ந்து உலர்வதை நன்றாகத் தாங்குவதாக ஆய்வக முயற்சிகள் காட்டுகின்றன. உயர் ஓத மட்டத்துப் பாறைகளில் கறுப்புத் தார் பூசியதுபோல ஓடும் பட்டையும் பூஞ்சைக் கூட்டுவாழ்விதான், வெர்ருகேரியா குழுவின் லைக்கன்.

உவர்சதுப்புப் புற்களில் இன்னும் சுவையான ஏற்பாடு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடற்கரையில் லிட்டோரரியா என்ற நத்தை ஸ்பார்டினா புல்லின் இலையைக் கீறிக் காயப்படுத்துகிறது. புல்லைத் தின்பது அதன் நோக்கமில்லை. காயத்தில் பூஞ்சை வளர்கிறது, நத்தையின் கழிவு அதற்கு உரமாகிறது, பிறகு நத்தை அந்தப் பூஞ்சையை மேய்கிறது. 2003இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு, காயத்தின் ஓரத்தைத் தனியாகவும் காயமில்லாத இலையைத் தனியாகவும் எடுப்பது நல்ல பழக்கமாகிவிட்டது.

நோய் வேண்டுமானால் பவள இனமான கடல் விசிறி. 1990களில் கரீபியக் கடலில் கொர்கோனியா விசிறிகளில் திட்டுத் திட்டாகத் திசு செத்து, ஓரத்தில் அடர் ஊதா வளையம் தோன்றிய நோய்க்கு அஸ்பர்ஜில்லஸ் சிடோவி காரணமாகக் காட்டப்பட்டது. இது மண்ணிலும் வாழும் இனம். பெயரை வைத்து மட்டும் "நிலப் பூஞ்சை" என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

எடுக்கும் முறை

கட்டை: 10 முதல் 15 செ.மீ. நீளத் துண்டுகளாக அறுத்து, துண்டுக்கு ஒரு பையாகப் போடவும். ஓரிடத்துக்குக் குறைந்தது 30 துண்டுகள், இயன்றால் 50. மேலே ஒட்டிய சேறு, பார்னக்கிள், பாசி எல்லாவற்றையும் அங்கேயே கடல்நீரில் அலசிவிடவும். குழாய் நீரில் கழுவாதீர்கள். உப்புச் செறிவு திடீரென மாறுவது வித்துகளுக்கு ஆகாது, நன்னீரோடு வரும் பூஞ்சைகளும் சேர்ந்துகொள்ளும். வெயிலில் மூடிக்கிடக்கும் பிளாஸ்டிக் பை ஒரு மணி நேரத்தில் மாதிரியை வேகவைத்துவிடும், குளிர்ப்பெட்டி கட்டாயம். நீரின் உப்பளவு, வெப்பநிலை, pH, ஓத மட்டம், மரத்தின் வகை தெரிந்தால் அது, எல்லாவற்றையும் பையின் மேல் எழுதவும். பென்சிலால் எழுதிய தாளை உள்ளேயும் போடவும். மார்க்கர் மை அழிந்துபோவது வழக்கம்.

கட்டை எத்தனை நாள் கடலில் கிடந்தது என்று தெரியாமல் போவது இந்த முறையின் பெரிய குறை. அதற்குத்தான் தூண்டில் பலகை. பால்சா, பைன், பீச் மரங்களில் ஏறத்தாழ 15 × 5 × 2 செ.மீ. அளவில் வெட்டி, நடுவில் துளையிட்டு, ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலத்தில் வைத்து நிலப் பூஞ்சைகளைக் கொன்றபின் நைலான் கயிற்றில் கோத்து, எடை கட்டி இறக்கவும். ஊசியிலை மரமும் அகல இலை மரமும் இரண்டும் வேண்டும், வருகிற இனங்கள் வேறுபடும். 6 வாரம், 12 வாரம், 24 வாரம் என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கவும். வெப்பக் கடலில் 24 வாரத்துக்குள் கப்பல் புழு பலகையைத் தின்று முடித்திருக்கலாம், அங்கே இடைவெளியைக் குறைக்கவும்.

நுரை: கரையில் தேங்கிய பழுத்த நுரையைக் கரண்டியால் வழித்து அகன்ற வாய்ப் புட்டியில் போட்டுக் குளிரில் வைத்தால் ஓர் இரவில் நீராகிவிடும். அடியில் படிந்ததை எடுத்து அன்றே பார்க்கவும். முடியாவிட்டால் 4 சதவீதம் வரும்படி ஃபார்மலின் விடவும். விடாவிட்டால் வித்துகள் முளைத்து உருமாறி, அடையாளமே தெரியாது.

மணல்: தாழ் ஓதத்தில் மேல்மணலைத் தள்ளிவிட்டு அடியிலிருந்து எடுத்து, பெட்ரித் தட்டில் பரப்பி, கிருமிநீக்கிய பால்சாச் சில்லுகளைப் புதைத்து, கடல்நீரால் ஈரப்படுத்தி மூடவும். 3 முதல் 6 மாதம் காத்திருக்க வேண்டும்.

ஈரப் பெட்டியில் வைத்துக் காத்திருத்தல்

கட்டைகளைக் கொண்டுவந்த அன்றே இருகண் நுண்ணோக்கியில் ஒருமுறை முழுக்கப் பாருங்கள். அன்றைக்குத் தெரியும் கனிதான் கடலிலேயே உருவானது என்று உறுதியாகச் சொல்லத்தக்கது, அதைத் தனி நிறத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிருமிநீக்கிய தாள் விரித்த பெட்டியில் வைத்து, கிருமிநீக்கிய கடல்நீர் தெளித்து, 20 முதல் 25 °செ.இல் வைக்கவும். குளிர்கடல் மாதிரியானால் வெப்பத்தைக் குறைக்க வேண்டும். டிஜிடாட்டிஸ்போரா மரீனா போன்றவை 10 °செ.க்குக் கீழேதான் நன்றாக வரும். இரண்டாம் வாரம், பிறகு மாதம் ஒருமுறை, ஆறு மாதம் வரை பார்க்கவும்.

இங்கே கெடுவது மூன்று விதமாக. முதலாவது, நீர் ஆவியாகி உப்பு ஏறுவது. ஈரம் குறையும்போதெல்லாம் கடல்நீரையே தெளித்தால் சில வாரங்களில் பெட்டிக்குள் உப்பளமாகிவிடும். ஆவியானது வெறும் நீர், ஆகவே ஈடுகட்டவும் கிருமிநீக்கிய வடிநீர்தான். இரண்டாவது, சொட்டச் சொட்ட நனைப்பது. கட்டை ஈரமாக இருக்க வேண்டும், மிதக்கக் கூடாது. மூன்றாவது சிற்றுண்ணிகள். ஒரு பெட்டியில் புகுந்தால் காலில் வித்துகளைச் சுமந்தபடி ஆய்வகம் முழுக்க உலா வரும். பெட்டி ஓரங்களைப் பாராஃபிலிமால் ஒட்டி, உண்ணி கண்ட பெட்டியை இரக்கமில்லாமல் அப்புறப்படுத்தவும்.

நுண்ணோக்கியின் கீழ்: இந்தப் படியில் அவசரம் வேண்டாம்

கூரான ஊசியால் கனியின் மேல்முனையைச் சீவி, உள்ளிருக்கும் வெண்கூழை எடுத்து, கிருமிநீக்கிய கடல்நீர்ச் சொட்டில் வைத்து மூடவும். சிலைடுக்கு வழக்கமாக விடும் லாக்டோஃபீனாலையோ வடிநீரையோ இங்கே தொடவே கூடாது. கடல் பூஞ்சைகளில் மிகப் பெரிய குடும்பமான ஹாலோஸ்ஃபீரியேசியேயில் இனத்தைத் தீர்மானிப்பது வித்தின் மேலுள்ள ஒட்டுறுப்புகள். அவை கடல்நீரில் மட்டும்தான் ஒழுங்காக விரியும்.

ஹாலோசார்ஃபியா வகையொன்றை எடுத்துப் பாருங்கள். முதலில் வித்தின் இரு முனைகளிலும் கொக்கி போன்ற ஒரு தொப்பி மடங்கிக் கிடக்கும். பத்திருபது நிமிடம் அப்படியே விடுங்கள். தொப்பி மெல்லக் கழன்று, நூற்கண்டு அவிழ்வதுபோல, வித்தைவிடப் பல மடங்கு நீளமான பிசுபிசுத்த நூலாக நீளும். ஓடுகிற நீரில் மரத்தை உரசும்போது சிக்கிக்கொள்ள அதற்கு இருக்கும் ஒரே வழி அதுதான். அவசரப்பட்டு இரண்டாம் நிமிடமே படமெடுத்தால் வேறு பேரினத்தின் பெயரை எழுதிவிடுவீர்கள்.

அதே சிக்கலுக்கு மற்றவை வேறு விடை கண்டிருக்கின்றன. லுல்வோர்தியாவின் வித்து நீண்ட நூல், இரு நுனியிலும் பசை நிறைந்த சின்ன அறை. கொரோலோஸ்போரா மாரிடைமாவில் வித்தின் மேலுறை உரிந்து குஞ்சமாகிறது. மரத்தில் 3 மி.மீ.கூட இல்லாத, மயிரடர்ந்த உருண்டையாக வளரும் நியா விப்ரிஸ்ஸாவும், மேலே சொன்ன டிஜிடாட்டிஸ்போராவும் பசிடியோமைசீட்டுகள். முந்தையதன் வித்துக்கு நாலைந்து நீண்ட கைகள், பிந்தையதன் வித்து நான்கு கவையாகப் பிரிந்தது. ஆஸ்கோமைசீட்டான வேரிகோஸ்போரினாவிலும் அதே கிளைத்த வடிவம். உறவில்லாதவை ஒரே வடிவத்துக்கு வந்திருப்பதால் வித்தின் உருவத்தை வைத்து உறவு சொல்லக் கூடாது.

இன்னொரு சிக்கல்: இந்தக் குடும்பத்தில் பலவற்றுக்கு ஆஸ்கஸ் என்ற வித்துப்பை முன்னமே கரைந்துவிடும். பையே இல்லையே என்று குழம்ப வேண்டாம். இளம் கனிகளையும் திறந்து பாருங்கள்.

தனி வித்திலிருந்து வளர்ப்பு

ஊடகம் மெலிந்ததாக இருக்கட்டும்: 1 லிட்டர் கடல்நீருக்கு குளுக்கோஸ் 1 கிராம், பெப்டோன் 0.5 கிராம், ஈஸ்ட் சாறு 0.1 கிராம், அகார் 15 முதல் 18 கிராம். 121 °செ.இல் 15 நிமிடம். கடல்நீர் ஆட்டோகிளேவில் வெண்மையாகக் கலங்குவது இயல்பு. அது தொந்தரவாக இருந்தால் அகாரைக் கொஞ்சம் வடிநீரில் தனியாகக் கிருமிநீக்கி, வடிகட்டிய கடல்நீரோடு பிறகு சேர்க்கவும். 45 முதல் 50 °செ.க்கு ஆறியதும் பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் தலா 0.5 கிராம். சூட்டிலேயே விட்டால் மருந்து வீணாகும். சர்க்கரையைக் கூட்டினால் வேகமாக வளரும் பெனிசிலியத்துக்கு விருந்து வைத்ததாகிவிடும். மெதுவாக வளரும் கடல் இனங்கள் அமுங்கிப்போகும்.

கனியிலிருந்து எடுத்த வித்துக் கூழைக் கிருமிநீக்கிய கடல்நீரில் கலக்கி, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்த்து இனத்தை உறுதிசெய்துவிட்டு, மீதியைத் தட்டில் பரப்பவும். 24 முதல் 48 மணி நேரத்தில் தட்டைக் கவிழ்த்து 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் முளைக்குழாய் விட்ட வித்துகள் தெரியும். ஒட்டுறுப்பும் குறுக்குச் சுவர் எண்ணிக்கையும் சரியாக உள்ள ஒரு வித்தை, அதன் கீழுள்ள அகாரோடு ஊசியால் வெட்டிப் புதுத் தட்டுக்கு மாற்றவும். எந்தக் கனி, எந்த வித்து, எந்த வளர்ப்பு என்று சங்கிலி அறாமல் இருப்பதுதான் இந்த முறையின் பலம்.

இலை, வேர், பாசித் திசுவின் உள்ளே வாழ்பவற்றுக்குக் கனி தெரியாது. அங்கே மேல்பரப்பைக் கிருமிநீக்க வேண்டும்: 70 சதவீத எத்தனாலில் அரை நிமிடம், 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 1 முதல் 2 நிமிடம், கடல்நீரில் மூன்று அலசல். கடைசி அலசல் நீரையும் ஒரு தட்டில் ஊற்றி வையுங்கள். அதில் ஏதாவது வளர்ந்தால் அந்தத் தொகுதி முழுவதும் செல்லாது. மெல்லிய பாசிக்கு இந்த நேரமே அதிகம், உள்ளே இருப்பதும் செத்துவிடும். சில துண்டுகளில் முன்சோதனை செய்துகொள்ளவும்.

தட்டில் வளர்ந்தும் வித்தே வைக்காத வளர்ப்புகள் ஏராளம். கிருமிநீக்கிய பால்சாக் குச்சியைக் கடல்நீரோடு குடுவையில் போட்டு அந்த வளர்ப்பை விட்டு, சில மாதம் மறந்துவிடுங்கள்.

நீரில் மிதப்பவை: கைட்ரிடுகள்

திறந்த கடலின் பூஞ்சை வேலையில் ஒரு பகுதி கைட்ரிடுகள் என்ற பூஞ்சைகளின், 2 முதல் 5 மைக்ரோமீட்டர் அளவுள்ள, ஒற்றைக் கசையிழை கொண்ட நீந்தும் வித்துகளால் நடக்கிறது. கைட்ரிட் ஒன்று டயட்டம் என்ற ஓடுள்ள நுண்பாசியின் மேல் உட்கார்ந்து, உள்ளே வேர் விட்டு, செல்லை உறிஞ்சி, வெளியே பை வளர்த்து, அதிலிருந்து புது வித்துகளை நீரில் விடுகிறது. சிறு விலங்கு மிதவைகளால் விழுங்க முடியாத பெரிய டயட்டத்தின் சத்து, விழுங்கத்தக்க சிறு வித்துகளாக மாறுகிறது. "பூஞ்சைச் சுற்று" எனப்படும் இது ஏரிகளில் முதலில் நன்றாக விளக்கப்பட்டது.

20 மைக்ரோமீட்டர் வலையால், டயட்டப் பெருக்கம் உச்சத்தைத் தாண்டும் நாட்களில் எடுக்கவும். கால்கோஃப்ளோர் வெள்ளையால் சாயமேற்றி, புற ஊதா ஒளியில் பார்த்தால் கைட்ரிட் பைகள் நீலமாக ஒளிரும். ஆனால் இந்தச் சாயம் பூஞ்சைச் சுவரிலுள்ள கைட்டினை மட்டுமல்ல, செல்லுலோசையும் பிடிக்கும். டைனோஃபிளாஜெல்லேட் தகடும் ஊமைசீட்டும்கூட ஒளிரும். தலாசியோசிரா டயட்டமோ தானே கைட்டின் நூல்களை விடுவது. ஆகவே கைட்டினைப் பிடிக்கும் கோதுமை முளை அக்ளுட்டினினால் இரண்டாவது சாயமும் ஏற்றி, இரண்டிலும் ஒளிர்ந்து, டயட்டத்தின் வெளியே ஒட்டியும் இருப்பதை மட்டும் எண்ணவும். குறைந்தது 300 செல்களாவது எண்ணினால்தான் தொற்று விகிதம் நம்பத்தக்கது.

பைன் மகரந்தத்தை நீரில் தூவிப் பிடிக்கும் பழைய முறையும் உண்டு. ஆனால் கடலில் அதில் அகப்படுவது பெரும்பாலும் திராஸ்டோகைட்ரிடுகள், மேலே சொன்ன ஸ்கைசோகைட்ரியத்தின் குழு, பூஞ்சையல்ல. நீந்தும் வித்தில் இரண்டு கசையிழை இருந்தால் அது நீங்கள் தேடுவதில்லை.

ஆழ்கடலில் மூழ்கும் "கடற்பனி"த் துகள்களில், லாபிரிந்துலா வகையினரோடு பூஞ்சைகளும் சேர்ந்து பாக்டீரியாவைவிட அதிக உயிர்ப்பொருளாக இருக்கக்கூடும் என்று 2017இல் காட்டினார்கள். ஜப்பானின் ஷிமோகிடா அருகே கடலடிக்குக் கீழே ஏறத்தாழ 2 கி.மீ. ஆழ நிலக்கரிப் படிவிலிருந்தும் பூஞ்சைகளை வளர்த்திருக்கிறார்கள், அவற்றில் நிலத்து மரங்களில் சாதாரணமான ஸ்கைசோஃபில்லம் கம்யூனும் உண்டு.

டி.என்.ஏ. வழி

1 முதல் 10 லிட்டர் நீரை 0.2 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடித்து, பூஞ்சை இனங்களைப் பிரித்தறிய உதவும் ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதியைப் படிப்பது வழக்கம். ஆஸ்கோமைசீட்டுகளுக்கு இது போதும். கைட்ரிட் போன்ற பழைய கிளைகளை வழக்கமான ஐ.டி.எஸ். பிரைமர்கள் தவறவிடும், ஆகவே ரைபோசோம் மரபணுவின் 18 எஸ் அல்லது 28 எஸ் பகுதியையும் சேர்க்கவும். வெற்று வடிதாள், வெற்றுப் பிரித்தெடுப்பு, வெற்றுப் பி.சி.ஆர். மூன்றும் ஒவ்வொரு தொகுதியிலும் ஓட வேண்டும். காரணம் மலசீசியா. பவளத்திலிருந்து ஆழ்கடல் வரை எல்லாப் பட்டியலிலும் வரும் இந்த ஈஸ்ட், உங்கள் தோலிலும் இருக்கிறது. உயிரோடு வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஆர்.என்.ஏ.வைப் படிக்க வேண்டும், டி.என்.ஏ. உறங்கும் வித்திலும் உண்டு.

என்ன வேலை செய்கிறது என்று சோதித்தல்

மரச்சிதைவுக்கு, எடை பார்த்த உலர்ந்த பால்சாத் துண்டை வளர்ப்போடு கடல்நீரில் 12 முதல் 24 வாரம் வைத்து மறுபடி எடை பாருங்கள். வடிநீரில் உப்பைக் கழுவாமல் உலர்த்தினால் எடை கூடிவிட்டதாகத் தெரியும். பூஞ்சையில்லாத துண்டும் பக்கத்தில் வேண்டும்.

பிளாஸ்டிக்கில் எடைக்குறைவை நம்பாதீர்கள், கலப்புப் பொருள் கசிந்தாலும் எடை குறையும். பாரென்ஜியோடோன்டியம் ஆல்பம் என்ற பூஞ்சை பாலியெத்திலீனைச் சிதைப்பதை 2024இல் நிறுவியவர்கள் கார்பன் 13 ஏற்றிய பிளாஸ்டிக்கைக் கொடுத்து, வெளிவந்த கார்பன் டைஆக்சைடை அளந்தார்கள். வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 சதவீதம், அதுவும் புற ஊதாக் கதிர் முன்பே தாக்கிய பிளாஸ்டிக்கில் மட்டும்.

மருந்து தேடுகிறவர்கள் பாக்டீரியாக் கொல்லியான செஃபலோஸ்போரினைக் "கடல் தந்த மருந்து" என்பார்கள். 1945இல் ஜியூசெப்பே ப்ரொட்சு அதைத் தரும் பூஞ்சையை இத்தாலியின் சார்டினியாத் தீவிலுள்ள காலியாரியில், சாக்கடை கடலில் கலக்கும் இடத்து நீரிலிருந்து எடுத்தார். அது கடலில் வாழ்ந்ததா, சாக்கடையோடு வந்ததா என்று கேட்பது நியாயமான கேள்வி.

பதிவும் பாதுகாப்பும்

ஓர் இனம் எத்தனை துண்டுகளில் இருந்தது என்பதை, பூஞ்சைக் கனி இருந்த மொத்தத் துண்டுகளால் வகுத்து 100ஆல் பெருக்கினால் தோன்றல் விகிதம் வரும். எடுத்த எல்லாத் துண்டுகளாலும் வகுத்தால் வேறு எண் வரும். எதால் வகுத்தீர்கள் என்பதை எழுதிவிடுங்கள்.

வளர்ப்பைச் சாய்வு அகாரில் 4 °செ.இலும், 15 சதவீதக் கிளிசராலில் மைனஸ் 80 °செ.இலும் இரண்டு இடத்தில் வைக்கவும். அஸ்பர்ஜில்லஸ் தட்டுகளைப் பாதுகாப்புப் பெட்டிக்கு வெளியே திறக்க வேண்டாம், எறியுமுன் ஆட்டோகிளேவ் செய்யவும். ஒட்டுறுப்புகளைக் கடல்நீரில் இருக்கும்போதே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நிலைச் சிலைடில் அவை பெரும்பாலும் சுருங்கிவிடும். கனி இருந்த மரத்துண்டை வளர்ப்பு வந்துவிட்டதே என்று தூக்கி எறியாமல், அறை வெப்பத்தில் உலர்த்தி, வளர்ப்பின் எண்ணையே எழுதி உறையில் போட்டு வைக்கவும். நாளைக்கு யாராவது பெயரை மறுத்தால் காட்டுவதற்கு இருப்பது அந்தக் கட்டைதான்.